போன் சிக்னலால் விமானம் தடுமாறுமா?

கேள்வி: விமானத்தில் போனை ஃப்ளைட் மோடில் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனையோ பேர் போடுவதில்லை. அதனால் ஒரு விமானமாவது விழுந்திருக்கிறதா? வெறும் பயமுறுத்தல்தானே?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: விழுந்திருக்கலாம் என்று விசாரணைக் குழுவே எழுதிவைத்த விபத்து ஒன்று இருக்கிறது. 2003 ஜூன் 6, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். மோசமான வானிலையில் இறங்கிக்கொண்டிருந்த சிறிய விமானம், ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதியது. 8 பேர் இறந்தார்கள். விமானியின் செல்போனிலிருந்து வீட்டுக்குப் போன அழைப்பு, கடைசி மூன்று நிமிடமும் துண்டிக்கப்படாமல் இருந்தது. இறங்கும் சரிவைக் காட்டும் கருவியை அந்தப் போன் தவறாகக் காட்ட வைத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. 'இருக்கலாம்' என்றுதான் சொன்னது, அடித்துச் சொல்லவில்லை. அதற்காக ஒதுக்கித் தள்ளிவிட முடியுமா?

இந்தக் கட்டுப்பாடு செல்போனோடு பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் 1960-களிலேயே கையடக்க எஃப்.எம். ரேடியோவை விமானத்தில் தடுத்தார்கள். ரேடியோ அலையை வாங்கத்தானே செய்கிறது, அனுப்புவதில்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு நிலையத்தைப் பிடிப்பதற்காக அது தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்குகிறது, பெரும்பாலும் அந்த நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே. நீங்கள் 100-இல் பாட்டுக் கேட்டால் பெட்டிக்குள் 110.7 ஓடும். ஓடுபாதையின் நடுக்கோடு எங்கே என்று விமானத்துக்குச் சொல்லும் சிக்னல் வருவதோ 108-க்கும் 112-க்கும் நடுவில். ரேடியோவிலிருந்து கசிவது கொஞ்சம்தான். ஆனால் பல கிலோமீட்டர் தாண்டி வரும் அந்தச் சிக்னலும் மெலிந்துதான் வந்து சேர்கிறது.

இன்றைய பெரிய விமானங்களில் கருவிகளுக்கும் வயர்களுக்கும் நல்ல கவசம் உண்டு. நீங்கள் சொல்லும் அந்த 'எத்தனையோ பேர்' பத்திரமாக இறங்குவது அதனால்தான். சோதித்துப் பார்த்த பிறகே அமெரிக்கா 2013-லும் இந்தியா 2014-லும், ஃப்ளைட் மோடில் இருந்தால் பயணம் முழுக்கப் போனைப் பயன்படுத்தலாம் என்று தளர்த்தின. அதே 2014-இல்தான், சில போயிங் 737, 777 விமானங்களின் காக்பிட் திரைகளை மாற்றச் சொல்லி அமெரிக்க விமானத்துறை உத்தரவிட்டது. வைஃபை அலைவரிசையில் சோதித்தபோது அந்தத் திரைகள் வெறுமையாகிப்போயின. கவசத்திலும் ஓட்டை இருக்கும், தேடினால்தான் தெரியும்.

சரி, ஃப்ளைட் மோடு எதற்கு? டவர் தூரமாகப் போகப் போக, போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். பழைய ஜி.எஸ்.எம். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருமுன் 'டர்ர் டர்ர்' என்று இரையுமே, அந்த இரைச்சல் விமானியின் ஹெட்செட்டிலும் கேட்கும். கட்டுப்பாட்டு அறை சொல்லும் உயரத்தை அவர் காதில் வாங்கவேண்டிய நேரம் அது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1991-இல் பறக்கும்போது செல்போனுக்கு வந்த தடைக்குக் காரணம் விமானம் அல்ல. ஒரே போன் உயரத்திலிருந்து ஏகப்பட்ட டவர்களை எட்டி, தரையிலுள்ள நெட்வொர்க்கைக் குழப்பும் என்பதுதான். அதைப் படித்தவர்கள்தான் 'எல்லாமே சும்மா' என்று பரப்புகிறார்கள்.

கடும் மூடுபனியில் இறங்கும்போது சில நேரம் போனை முழுக்க அணைக்கச் சொல்வார்கள். அப்போது விமானிக்கு ஓடுபாதை கண்ணில் படாது, கருவி காட்டுவதுதான் வழி. அந்த நேரத்தில் சொன்னால் தயவுசெய்து உடனே அணைத்துவிடுங்கள்.