ரேட்டிங் 5 வாங்கிய சமையலறைக்கு பிளானிங் கடிதம் ஏன் வருகிறது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது), எங்கள் சொந்த வீடு. மட்டன் ரோல்ஸ், பற்றீஸ், இடியப்பம் செய்து வாட்ஸ்அப் ஓடருக்கு விற்கிறேன். கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிந்திருக்கிறேன்; சுகாதார ரேட்டிங் 5, அதுதான் உச்சம். வெள்ளி, சனி மாலைகளில் ஆட்கள் காரில் வந்து எடுத்துப் போவார்கள். இப்போது கவுன்சிலின் பிளானிங் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவிலிருந்து (கட்டடம், நிலப் பயன்பாட்டு விதி மீறல்களைக் கவனிக்கும் பிரிவு) ஒரு கடிதம். அனுமதியில்லாமல் வீட்டில் வியாபாரம் நடக்கிறது என்று முறைப்பாடு வந்திருக்கிறதாம். அதிகாரி வந்து பார்க்க வேண்டுமாம். உடனே பிளானிங் அனுமதிக்கு விண்ணப்பிக்கட்டுமா? தோட்டத்தில் ஒரு அறை கட்டி சமையலை அங்கே மாற்றினால் பிரச்சினை தீருமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்.

உணவுத் தொழில் பதிவும் பிளானிங்கும் ஒரே கவுன்சிலுக்குள் இருந்தாலும் வேறு வேறு வாசல்கள். தொழில் தொடங்க 28 நாள் முன்பே இலவசமாகப் பதிகிறோமே, அது சாப்பாடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்த வீட்டை அப்படிப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. ரேட்டிங் அட்டையை அதிகாரியிடம் காட்டினால் பார்த்துவிட்டு, ‘நல்லது, நான் வந்தது வேறு விஷயத்துக்கு’ என்பார்.

வீட்டில் வியாபாரம் செய்வதே குற்றம் என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டு பிளானிங் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டின் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறியிருந்தால்தான் அனுமதி தேவை. மாறியதா என்பதற்கு மீட்டர் எதுவும் இல்லை. எவ்வளவு, எப்படி என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இது இன்னமும் முதலில் குடும்பம் வாழும் வீடுதானா? வந்துபோகும் ஆட்களும் கார்களும் கண்ணில் படும்படி கூடிவிட்டதா? குடியிருப்புத் தெருவில் வழக்கமில்லாத வேலை நடக்கிறதா? நேரங்கெட்ட நேரத்தில் சத்தமோ மணமோ அயலாரைத் தொந்தரவு செய்கிறதா? இதில் லாபம் பார்க்கிறீர்களா என்பது பெரிய விஷயமே இல்லை. வேல்ஸில் ஒரு பெண்மணி ஆசைக்காகவே வீட்டில் 44 நாய் வளர்த்தார். ஆறுக்கு மேல் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயும் அவர் ஜெயிக்கவில்லை.

ஆக, உங்கள் வழக்கு சமையலறையில் இல்லை, வாசலில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். எஞ்சினை அணைக்காமல் நிற்கும் கார்கள் எத்தனை? பக்கத்து வீட்டு டிரைவ்வே முன்னால், கார் ஏறி இறங்கத் தாழ்த்திய கெர்ப்பை (நடைபாதை விளிம்பை) மறித்து ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று நிறுத்துகிறார்களா? பொரிக்கிற எண்ணெய் மணம் எந்தப் பக்கம் போகிறது? செமி வீடுகளில் எக்ஸ்ட்ராக்டர் குழாய் பக்கச் சுவர் வழியாக வெளியே வந்து, நேரே அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். நமக்கு ரோல்ஸ் மணம் பசியைக் கிளப்பும். மூன்று மணி நேரம் துணி காயப்போட முடியாதவருக்கு அப்படியில்லை.

சரி, என்ன மாற்றலாம்? ஆட்கள் வந்து எடுப்பதைக் குறைத்து நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பெரிய மாற்றம். உங்கள் கார் ஒரு தடவை வெளியே போய் வருவதும் இருபது கார் தெருவுக்குள் வருவதும் ஒன்றல்ல. வந்துதான் எடுப்போம் என்பவர்களுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று நேரம் கொடுங்கள், இரவு எட்டுக்கு மேல் வேண்டாம். பொரிப்பதைப் பகலில் முடியுங்கள், குழாயின் திசையை மாற்றி கரி ஃபில்டர் போடுங்கள். வாசலில் போர்டு, முன் தோட்டத்தில் டீப் ஃப்ரீசர், வெளியிலிருந்து தினமும் வரும் உதவியாள் எல்லாம் ‘இது வீடு இல்லை, கடை’ என்று சொல்லும் அடையாளங்கள். பாவித்த எண்ணெயும் தொழில் குப்பையும் வீட்டுத் தொட்டியில் போகக்கூடாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

இவற்றைச் செய்துவிட்டு அதிகாரிக்கு விவரமாக எழுதுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை ஓடர், எந்த நேரம், யார் வேலை செய்கிறார்கள், என்ன மாற்றியிருக்கிறீர்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் பேஸ்புக் பக்கத்தை அவர்களும் பார்ப்பார்கள். வீட்டுக்குள் நுழைவதை உரிமையாகக் கேட்க 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும். ஆனாலும் முதல் வருகையிலேயே கதவடைத்துச் சட்டம் பேசுவது நல்லதில்லை. பல முறைப்பாடுகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்கு அப்புறம் ‘பிளானிங் கான்ட்ராவென்ஷன் நோட்டீஸ்’ என்று விவரம் கேட்டு ஒன்று வந்தால் 21 நாளுக்குள் பதில் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே குற்றம். என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் (விதி மீறலை நிறுத்தச் சொல்லும் உத்தரவு) வந்தால், அது அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே அப்பீல் போட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் எடுக்க மாட்டார்கள்.

முழு விண்ணப்பம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அது அனுமதி தேவை என்று நீங்களே ஒப்புக்கொள்வது போல ஆகும். அயலாரிடம் கருத்துக் கேட்பார்கள், மறுத்துவிட்டால் அந்த மறுப்பு பதிவில் நிற்கும். தொழிலைக் குறைத்த பிறகு மனம் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் ‘லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்’ கேளுங்கள். இனி நடத்தப்போகும் முறையை எழுதி, இதற்கு அனுமதி தேவையில்லை என்று உறுதி செய்து தரச் சொல்வது அது. கட்டணம் வழக்கமானதில் பாதி. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. தொழிலை இன்னும் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. அப்போது வாடகைக்குக் கிடைக்கும் வணிகச் சமையலறையைப் பாருங்கள்.

தோட்டத்து அறை யோசனையை நம் ஆட்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் கட்டலாம் என்ற சலுகை, வீட்டு வாழ்க்கைக்குத் துணையான பயன்பாட்டுக்கு மட்டும்தான். தொழிலுக்கென்றே கட்டினால் அந்தச் சலுகை கிடையாது. வேலிக்கு இரண்டு மீட்டருக்குள் என்றால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், எண்ணெய்ச் சட்டியை வேலிக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோகிறீர்கள்.

‘நாலு வருஷம் சத்தமில்லாமல் நடத்தினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது’ என்று யாராவது சொல்வார்கள். வீட்டைத் தொழிலுக்கு மாற்றுவதற்கு அந்த நாலு வருடக் கணக்கு முன்பும் பொருந்தவில்லை, பத்து வருடம்தான். 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் கட்டட வேலைகளுக்கும் பத்து வருடமாகிவிட்டது.

முறைப்பாடு செய்தது யார் என்று தேடாதீர்கள், கவுன்சில் வழக்கமாகச் சொல்லாது. இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கமும் போய், எடுக்க வரும் நேரம் இதுதான், யாராவது வழியை மறித்தால் இந்த நம்பருக்கு அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முதல் தடவை கையில் ரோல்ஸ் டப்பாவோடு போக வேண்டாம். அயலாருக்கு வேறு வழியும் இருக்கிறது. மணமும் சத்தமும் தாங்க முடியாத அளவென்றால் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு தனியாக நோட்டீஸ் கொடுக்கலாம். பிளானிங் அனுமதி இருந்தாலும் அந்த நோட்டீஸை அது தடுக்காது.

அப்புறம் வீட்டுப் பத்திரம். ஹாரோவில் 1920, 30களில் கட்டிய தெருக்கள் அதிகம். அந்தக் கால உறுதிகள் சிலவற்றில் ‘குடியிருப்புக்கு மட்டும், வியாபாரம் கூடாது’ என்ற நிபந்தனை உண்டு. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் வீட்டின் பதிவை எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், அதை நிறைவேற்றக் கேட்கும் உரிமை உள்ள அயலார் கோர்ட்டுக்கே போகலாம். அதற்கு ஒரு சொலிசிட்டரைக் கேளுங்கள். மோட்கேஜ் கொடுத்த வங்கிக்கும் வீட்டு இன்சூரன்ஸுக்கும் தொழிலைச் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெலிவரியைத் தொடங்குமுன் கார் இன்சூரன்ஸில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலைச் சேர்த்துவிடுங்கள். சாதாரண பாலிசியில் அது அடங்காது.