ஏர் பிஸ்டல், ஏர் ரைபிள்: குறி எங்கே தவறுகிறது? கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக ஒரு ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் பயிற்சி கொடுத்து வருகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவர், மதுரை: சார், எட்டு மாதமாக ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வலது கை. 60 ஷாட்டுக்கு, அதாவது 600 மதிப்பெண்ணுக்கு, 530-ஐத் தாண்ட முடியவில்லை. பாதி ஷாட் இடது பக்கம் கீழே போகிறது. சைட்டை (துப்பாக்கியின் குறிபார்க்கும் உறுப்பு) திருப்பி வைத்தால் இரண்டு நாள் சரியாக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான்.

தம்பி, முதல் வேலையாக சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். கோளாறு சைட்டில் இல்லை, கையில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் மட்டும் பின்னால் வரவேண்டிய நேரத்தில் மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து பிடியை இறுக்குகின்றன. குழல் நுனியில் இருக்கும் முன்சைட் இடது கீழாகத் தலை குனிகிறது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே 35 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டர் தள்ளி பெல்லட் (சின்னக் குண்டு) சுமார் 29 மி.மீ. விலகும். அந்த ஷாட்டுக்கு ஏழு மதிப்பெண்தான். அதே சமயம் சைட் இரண்டும் நேர்கோட்டில் இருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் 5 மி.மீ.தான் நகரும். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதால் அதற்குப் பத்தே விழும். கை ஆடுவதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். கை யாருக்கும் ஆடத்தான் செய்யும். ஆட்டம் நிற்கும் நொடியில் பிடித்துவிடலாம் என்று டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பதில்தான் ஷாட் கெடுகிறது.

இதற்கு நான் பிள்ளைகளுக்குச் செய்வது இதுதான். துப்பாக்கியை நானே லோடு செய்து கையில் கொடுப்பேன். சில முறை பெல்லட் இருக்கும், சில முறை இருக்காது. எது எப்போது என்று சொல்ல மாட்டேன். (இரண்டுக்கும் குழல் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும்.) பெல்லட் இல்லாத ஷாட்டில் டிரிக்கர் விழும்போது முன்சைட் தலை குனிவதை அவர்களே பார்ப்பார்கள். போன மாதம் ஒரு பெண் அப்படிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்து, தன் சுண்டுவிரலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அன்றைக்கு நான் அவளுக்கு வேறு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்கள் கோச்சிடமும் இப்படிக் கேளுங்கள். தினம் இருபது ஷாட், மூன்று வாரம்.

ஐடி ஊழியர், சென்னை: வாரத்தில் இரண்டு நாள்தான் ரேஞ்சுக்குப் போக முடிகிறது. வீட்டில் டிரை பிராக்டிஸ் (பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகுவது) செய்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. அடித்துச் சொல்கிறேன், ரேஞ்சில் பெல்லட் டப்பாவைக் காலி செய்வதைவிட அதிகப் பலன் உண்டு.

அதற்கு முன் இரண்டு விஷயம். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குழல் காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும், அப்போதும் ஆள் நடமாட்டம் இல்லாத சுவரைப் பார்த்து மட்டுமே. அடுத்தது, போட்டித் துப்பாக்கிகளில் டிரை ஃபயருக்கென்று தனி ஏற்பாடு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஸ்பிரிங் வைத்த சாதாரண ஏர்கன்னைப் பெல்லட் இல்லாமல் சுடவே கூடாது. பிஸ்டன் முட்டி வீணாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் இலக்கே வேண்டாம், வெள்ளைச் சுவர் போதும். கறுப்புப் புள்ளி கண்முன் இருந்தால் மனசு அதையே துரத்தும். சுவரைப் பார்த்துச் சுடும்போது முன்சைட்டும் விரலும் மட்டுமே மிச்சம். கை தூக்குவது, மூச்சை விட்டு நிறுத்துவது, டிரிக்கரின் முதல் அழுத்தம், விடுவது, விட்ட பிறகும் ஒன்று இரண்டு எண்ணும்வரை சைட்டைப் பார்த்தபடியே நிற்பது: ஒவ்வொரு ஷாட்டையும் முழுதாகச் செய்யுங்கள். ஏழெட்டு நொடியில் ஷாட் போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். முப்பது ஷாட் போதும். நாற்பதுக்கு மேல் போனால் தோள் களைத்து, தப்பான பழக்கம்தான் படியும்.

ரேஞ்சில் ஒரு காரியம் செய்யுங்கள். சுட்டதும் மானிட்டரைப் பார்க்காமல், ஷாட் எங்கே விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் பாருங்கள். "ஒன்பது, வலது பக்கம்" என்று நீங்கள் சொன்னபடியே அது இருந்தால், விடும் நொடியில் கண் திறந்திருந்தது என்று அர்த்தம். சொன்னது ஒன்று, விழுந்தது வேறொன்று என்றால் அந்த நொடியில் நீங்கள் அங்கே இல்லை. நான் போட்டியில் சுட்ட காலத்தில் மதிப்பெண்ணை மட்டுமே நோட்டில் எழுதினேன். நான்கு வருட நோட்டுகளைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது, ஒரு ஷாட் ஏன் கெட்டது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என்சிசி மாணவி, திருச்சி: அண்ணா, கேம்ப்பில் .22 ரைபிளில் படுத்துச் சுட்டேன். ஐந்து ரவுண்டும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. குரூப்பிங் (எல்லா ரவுண்டும் ஒரே இடத்தில் விழுவது) வர என்ன செய்வது?

தங்கச்சி, படுத்து ரைபிளைத் தோளில் வைத்ததும் கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு தானாகக் குறிபார்க்கும் இடம். அது இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் தள்ளிக் கொண்டுவராதீர்கள். இடது முழங்கையை ஊன்றிய இடத்திலேயே வைத்து, இடுப்பையும் காலையும் நகர்த்துங்கள். கையால் தள்ளினால் டிரிக்கர் விழுந்ததும் உடம்பு பழைய இடத்துக்கே திரும்பும். ஐந்து ரவுண்டும் சிதறுவது பெரும்பாலும் அதனால்தான். இன்னொன்று, கன்னத்தை ஐந்து தடவையும் ரைபிள் கட்டையின் அதே இடத்தில் பதியுங்கள். குரூப் நடுவில் விழவில்லையே என்று இப்போது கவலை வேண்டாம். ஓரத்தில் விழுந்தாலும் ஒன்றாக விழட்டும், நடுவுக்கு நகர்த்துவதை சைட் பார்த்துக்கொள்ளும்.

வங்கி அலுவலர், 47 வயது: முன்சைட் மங்கலாகத் தெரிகிறது. வயசாகிவிட்டதால் விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம் சார். பிஸ்டலில் இலக்கு மங்கலாகவும் முன்சைட் கூர்மையாகவும்தான் தெரிய வேண்டும். படிக்கிற கண்ணாடி அதற்கு உதவாது. கை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன்சைட் வரை உள்ள தூரத்தை அளந்து கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூரப் பார்வைப் பவரோடு கொஞ்சம் பிளஸ் கூட்டித் தருவார். மூடும் கண்ணை இறுக்கி மூடாமல், அதன் முன் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிடுங்கள்.

பிளஸ் டூ மாணவர், கோவை: பயிற்சியில் 565 வருகிறது, போட்டியில் 545. ஏன் சார்?

பயிற்சியில் 565 சுடும்போது கெட்ட ஷாட்டை மறந்து அடுத்ததற்குப் போகிறீர்கள். போட்டியில் அதைக் கூடவே சுமக்கிறீர்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது. ஒரு எட்டு விழுந்தால் துப்பாக்கியை வைத்துவிட்டு உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். நேரம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் கடிகாரம் வைத்து, நண்பர்களைப் பின்னால் பேசவிட்டு, முழு 60 சுடுங்கள்.

2008 பெய்ஜிங் இறுதிச் சுற்றில் கடைசி ஷாட்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்து வீரரும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், பின்லாந்து வீரர் 9.7 (இறுதிச் சுற்றில் ஒவ்வொரு ஷாட்டையும் தசமத்தில் எண்ணுவார்கள்). மனு பாக்கருக்கு டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பிஸ்டல் கோளாறாகி நேரம் போனது. 575 எடுத்து 12ஆவது இடத்தோடு திரும்பினார். அதே பெண் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். உங்கள் 545-ஐ அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒரு தாய், கடலூர்: 12 வயது மகள் ஏர் ரைபிள் கற்க வேண்டும் என்கிறாள். உடனே துப்பாக்கி வாங்க வேண்டுமா? லைசென்ஸ் வேண்டுமா?

அம்மா, ஆறு மாதம் கிளப் ரைபிளே போதும். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். ஒல்லியான பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு முதுகை வளைத்து நின்றால் முதுகுவலி வரும். முதலில் ஸ்டாண்டில் தாங்கி வைத்துப் பழகட்டும், கூடவே வயிற்றுக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சி செய்யட்டும். ஏர் ரைபிள் இலக்கில் அவள் குறிவைக்கப் போகும் பத்து, பிஸ்டல் இலக்கு போல் இல்லாமல், வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, அதற்கு அவசரம் ஆகாது.

லைசென்ஸைப் பொறுத்தவரை, சுடும் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாத .177 (4.5 மி.மீ. குழல்) ஏர் ரைபிளுக்குத் தேவையில்லை. போட்டி ரைபிள் ஏழரை ஜூல் பக்கம்தான் வரும். வாங்கும்போது அடையாள ஆவணம் கேட்பார்கள்.

பெல்லட் ஈயத்தால் ஆனது. பயிற்சி முடிந்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று முதல் நாளே அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.