தையல் லைனுக்கு இ-லேர்னிங்: எதைத் திரைக்கு மாற்றலாம், எதை மெஷினிலேயே விட வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எச்.ஆர். அதிகாரியாக இருக்கிறேன். 350 பேர் வேலை பார்க்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். வாரந்தோறும் புது ஆட்கள் சேர்கிறார்கள். ஊசிப் பாதுகாப்பு, தீ பாதுகாப்பு, ரசாயனம் கையாளுதல், பாலியல் துன்புறுத்தல் தடுப்பு என்று அதே வகுப்புகளை மாதம் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். இ-லேர்னிங்குக்கு மாறினால் செலவு குறையும் என்று ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் முதலாளியிடம் சொல்லியிருக்கிறது. மாறலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மாறலாம். உங்கள் நிலைமைக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் செலவு குறையும் என்பதைக் காரணமாக வைத்து மாறாதீர்கள். முதல் ஆண்டில் செலவு கூடத்தான் செய்யும். பாடம் எழுத, படம் எடுக்க, மூன்று மொழிகளில் குரல் கொடுக்க என்று பணம் முன்கூட்டியே போய்விடும்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை சேர்ந்தவர் மாதக் கடைசி வகுப்புக்காகக் காத்திருக்காமல், மெஷினில் உட்காரும் முன்பே பாடத்தைப் பார்த்துவிடலாம். பயிற்சியாளர் களைத்திருக்கும் நாளில் வகுப்பில் விட்டுப்போகிற விஷயம், வீடியோவில் விட்டுப்போகாது. ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒடியாவிலேயே கேட்கலாம், புரியாவிட்டால் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். யார் எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்பதும் உங்கள் கைக்கு வரும். ஹாலில் ஐம்பது பேரை உட்காரவைத்து கையெழுத்து வாங்கும் முறையில் இந்தக் கடைசித் தகவல் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

எதை மாற்றுவது என்பதற்கு ஊசிப் பாதுகாப்பையே எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்களில் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, ஒப்படைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் சுற்றியிருக்கும் பீஸ்களைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். இந்த வரிசையையும், குழந்தை போடும் உடுப்பில் ஊசித்துண்டு தங்கினால் என்ன ஆகும் என்பதையும் மூன்று நிமிட வீடியோ தெளிவாகச் சொல்லிவிடும். ஆனால் காந்தத்தை வைத்துத் துழாவி, கிடைத்த துண்டுகளை ஒரு முழு ஊசியின் பக்கத்தில் வைத்து, எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கும் பழக்கம் மெஷின் பக்கத்தில் நின்று செய்தால்தான் வரும். தெரிந்துகொள்ள வேண்டியதைத் திரைக்குக் கொண்டுபோங்கள். கை பழக வேண்டியதை மெஷினிலேயே விடுங்கள். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், நேரடி வகுப்பை மட்டும் நம்பியதைவிட இணையவழியும் நேரடியும் கலந்த முறையில் கற்றவர்கள் சராசரியாக மேலாக இருந்தார்கள் என்றுதான் சொன்னது. அதிலேயே, கலந்த முறையில் படிக்கக் கூடுதல் நேரம் கிடைத்ததும் காரணமாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. அந்த எச்சரிக்கையை முக்கியமாக நினைக்கிறேன். கீழே நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஏன் என்று புரியும்.

தீயணைப்பான் எந்த வகை, எந்தத் தீக்கு எது என்பதெல்லாம் வீடியோவுக்குப் பொருந்தும். வெளியேறும் ஒத்திகைக்கு மாற்றே கிடையாது, அதை நடந்துதான் பார்க்க வேண்டும்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பணியாளர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை முறையான இடைவெளியில் நடத்துவதும் முதலாளியின் கடமை. சட்டம் என்ன சொல்கிறது, புகாரை யாரிடம் தருவது, எத்தனை நாளுக்குள் தருவது என்பதை வீடியோவில் சொல்லலாம். ஆனால் ஒரு பெண் முகம் தெரியாத குழுவிடம் போய்ப் புகார் சொல்ல மாட்டார். குழு உறுப்பினர்கள் நேரில் வந்து பெண்களோடு உட்கார்ந்து பேசுவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் லைன் சூப்பர்வைசர் அங்கே இருக்கக் கூடாது.

இப்போது நேரம். திட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் பத்து நிமிடம் எழுந்து போனால் அந்தப் பத்து நிமிடக் கூலியை அவர் இழக்கிறார். ஷிப்ட் சம்பளக்காரரை அனுப்பினால் அன்றைய புரொடக்‌ஷன் குறைந்ததற்குச் சூப்பர்வைசர் பேச்சு வாங்குகிறார். இந்த இரண்டுக்கும் முதலாளி முதலில் பதில் சொல்லியாக வேண்டும். பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டு, அந்த நேரம் லைன் டார்கெட்டிலிருந்து கழிக்கப்படும். இதை எழுத்தில் வாங்கிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

"லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், ரூமுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷிப்ட் முடிந்து சமைத்துத் தூங்க வேண்டியவரின் நேரத்தையும் அவருடைய டேட்டாவையும் கம்பெனி எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அது பலனும் தராது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய திறந்த இணைய வகுப்புகளில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். அங்கே படித்தவர்கள் தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள். உங்கள் தொழிலாளி, சொன்னதற்காகக் கடைசிவரை பட்டனை அழுத்திவிடுவார், உங்கள் ரிப்போர்ட்டில் நூறு சதவீதம் காட்டும். விரல் அழுத்தியது பதிவாகும், மனதில் ஏறியதா என்று தெரியாது.

ஆகவே ஷிப்ட் நேரத்துக்குள், கேன்டீன் பக்கமாக ஓர் அறையில் நாலைந்து டேப்லெட், ஹெட்போன். பல நிறுவனங்களில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகிறார்கள் என்பதால் சொந்தப் போனை நம்ப முடியாது. கருவிகளைப் பற்றி இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

பாடம் சின்னதாக இருக்கட்டும். எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014-இல் வந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் பெரும்பாலோர் கவனம் நிற்பதில்லை என்று காட்டியது. தையல் லைனுக்கு நான் மூன்று நிமிடம் என்பேன். கேள்விகளை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். ரோடிகர், கார்பிகி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வாரத்துக்குப் பிந்தைய நினைவு. வீடியோ முடிந்ததும் இரண்டு கேள்வி, அடுத்த வாரம் அதே விஷயத்தில் இன்னும் இரண்டு கேள்வி. தப்பாகச் சொன்னவருக்கு அபராதமோ ஏச்சோ கூடாது, சரியான பதிலை அங்கேயே காட்டிவிடுங்கள்.

மொழியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். திரையில் எழுத்தைக் குறைத்து, தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் குரல் கொடுங்கள். பீகாரிலிருந்து வந்தவரின் வீட்டு மொழி போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம், அதனால் இந்தியை எளிமையாக வையுங்கள். கேள்வியையும் படம் பார்த்துத் தொடும்படி அமையுங்கள். வெளியில் கிடைக்கும் கார்ட்டூன் வீடியோவைவிட, உங்கள் ஃப்ளோரில், உங்கள் மெஷினில், உங்கள் டெய்லர் செய்து காட்டுவதை நல்ல செல்போனில் எடுத்தாலே போதும். ஒடியாவில் பேச வெளியாள் தேட வேண்டாம், செக்கிங்கில் தெளிவாகப் பேசும் ஒரு பெண்ணைக் கேளுங்கள். அந்த வேலைக்கும் கூலி கொடுங்கள், அவர் சம்மதத்தையும் எழுதி வாங்குங்கள்.

சாஃப்ட்வேரைக் கடைசியில் வாங்குங்கள். முதல் மூன்று மாதத்துக்கு டேப்லெட்டில் வீடியோ, ஒரு கூகுள் ஃபார்ம், அதைச் சேர்க்கும் எக்ஸெல் தாள் போதும். அப்புறம் தேவை தெரிந்தால், பாடங்களையும் பயிற்சிப் பதிவுகளையும் நிர்வகிக்க மூடுல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர் செலவும், பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் கிடைக்காவிட்டால் கட்டணச் சேவையே மேல். அப்போது விற்பனையாளரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "நாங்கள் விலகினால் எங்கள் பாடங்களை ஸ்கார்ம் வடிவத்திலும், பயிற்சிப் பதிவுகளை எக்ஸெல்லிலும் தருவீர்களா?" ஸ்கார்ம் என்பது ஒரு மென்பொருளில் செய்த பாடத்தை இன்னொன்றில் ஓட்ட உதவும் பொதுத் தரம். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மெர்ச்சண்டைசிங், தர ஆய்வு, கணக்குப் பிரிவு ஊழியர்கள் கதை வேறு. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெலிலும் 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் அவர்களே தேடிப் படிப்பார்கள்.

பலனை எப்படி அளப்பது? எத்தனை பேர் முடித்தார்கள் என்பதில் நிற்காதீர்கள். உடைந்த ஊசிப் பதிவேட்டில் துண்டு காணாமல் போன பதிவுகள் குறைகின்றனவா, எந்தத் துண்டும் ஒட்டாமல் புது ஊசி தரப்பட்டிருக்கிறதா, புது ஆட்களின் முதல் மாத ஆல்டரேஷன் (தவறாகத் தைத்ததைத் திருத்தும் வேலை) குறைகிறதா என்று பாருங்கள். முதலில் ஊசிப் பாதுகாப்பை மட்டும் இரண்டு லைனில் தொடங்கி, மற்ற லைன்களைப் பழைய முறையிலேயே விட்டால் ஒப்பிட வழி இருக்கும். சூப்பர்வைசர்களுக்கு மற்றவர்களுக்கு முன்பே பாடத்தைக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் நம்பாத பாடத்தை லைனில் யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள்.

நேரடி வகுப்புகளைக் குறைப்பதற்கு முன் ஒவ்வொரு பையரின் (உங்களிடம் வாங்கும் நிறுவனத்தின்) கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கும், அதாவது விதிமுறைகளைக் கண்காணிக்கும் பிரிவுக்கும், மின்னஞ்சல் அனுப்பி, டேப்லெட் வழிப் பயிற்சிப் பதிவை ஏற்பார்களா, எந்தப் பயிற்சிக்கு நேரடி வகுப்பு கட்டாயம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆடிட்டர் ஃபைலைப் பார்ப்பதோடு தொழிலாளிகளிடமும் நேராகக் கேட்பார். அந்தப் பதில் கைக்கு வரும்வரை பழைய வகுப்பு அட்டவணை அப்படியே நடக்கட்டும்.