பள்ளிக்கூட லினக்ஸை வீட்டில் போடலாமா?

அன்புள்ள சார்,

நான் சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, மாரியம்மன் பொங்கல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று டிடிபி வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் எல்லாமே ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்றுதான் அச்சாகும். தமிழுக்குப் பாமினி எழுத்துரு, மலையாளத்துக்கு ஐஎஸ்எம் எழுத்துருக்கள், வேலை முழுக்க பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில்.

என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. பதினொன்றுக்கு மாற இந்த மெஷினுக்குத் தகுதி இல்லை என்று திரையில் வந்துவிட்டது. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். எட்டாவது படிக்கும் மகள், "ஸ்கூல்ல இருக்கறதையே போடுங்கப்பா, எனக்குத் தெரியும்" என்கிறாள். நான் அச்சடிக்கக் கொடுக்கும் பிரஸ்ஸில் ஒரு பையன், "லினக்ஸ் எல்லாம் பழசுங்கண்ணா, ஹைக்கூன்னு ஒண்ணு இருக்கு, பத்து செகண்டுல பூட் ஆகும்" என்கிறான். பழைய ஃபைல்கள் போனால் என் பிழைப்பு போச்சு. எதைப் போடலாம்? பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா?

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

மகள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் விண்டோஸை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. வேண்டுமானால் பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். உங்கள் ஐ3 அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். நோட்டீஸ் அடிக்க அதன் பலம் தாராளம். கடைக்காரரிடம் புது மெஷினுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ராமும் கேளுங்கள். எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இயங்குதளம்) போட்டாலும் நீங்கள் உணரப்போகும் வேகம் அதில்தான் இருக்கிறது. பழைய ஹார்ட்டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு, லினக்ஸ் என்றால் பறக்கும் என்று நம்பிப் போட்டவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வருவதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஸ்கூலில் இருப்பதாக மகள் சொல்வது கைட் குனு/லினக்ஸ். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் மேல் பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துக் கேரள அரசின் கைட் நிறுவனம் தருவது. 2001 வாக்கில் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம்தான் 2017-இல் கைட் ஆனது. அதே 2001-இல் ஜூலை மாதம், யாரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பள்ளிகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆரம்பத்தில் அங்கேயும் விண்டோஸ்தான். ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள்காரர்களும் விடாமல் மல்லுக்கட்டித்தான் மாற்றினார்கள். இன்றைக்குப் பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வே லினக்ஸில்தான் நடக்கிறது. ஐடி பாடநூல் தமிழ் வழியிலும் இருக்கிறது.

நான் இருப்பது கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எங்கள் பக்கக் கதை வேறு. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் போஸ் என்ற லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டார்கள். 2011-இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு போஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லேப்டாப் கைக்கு வந்ததும் செய்த முதல் காரியம் போஸை அழித்து அந்த இடத்தில் சினிமா ஏற்றியதுதான். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? அதைத் திறந்து காட்டி ஒரு பாடம் நடத்த ஆள் இல்லை. உங்கள் வீட்டில் அந்த ஆள் எட்டாவது படிக்கிறாள். உங்களுக்கு எது சிறந்த ஓஎஸ் என்று ஊர்ப்பட்ட வீடியோ பார்த்துக் குழம்ப வேண்டாம்; ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது சிக்கினால் பக்கத்து அறையிலிருந்து யார் வந்து சரிசெய்வார்கள் என்று பார்த்தால் போதும்.

கைட்டின் 22.04 பதிப்பு 2024-இல் வந்தது. அதற்கு அடித்தளமான உபுண்டு 22.04-க்கு 2027 வரை வழக்கமான ஆதரவு உண்டு. ராமை 8 ஜிபி ஆக்கினால் சிரமம் இல்லாமல் ஓடும். ஆக்கவில்லை என்றால் குறைந்த ராமில் ஓடும் லுபுண்டுவோ லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ போடுங்கள். குடும்பம் ஒன்றுதான், மகளுக்கு அந்நியமாக இருக்காது.

முதலில் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள். 16 ஜிபி பென்டிரைவில் வென்டாய் என்ற சின்ன நிரலைப் போட்டுவிட்டால், அப்புறம் லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒரே ஃபைல்) சாதாரணமாகக் காப்பி செய்தாலே போதும். மெஷினைப் போட்டதும் பூட் மெனு விசையைத் தட்டி (எஃப்12, எஃப்9 என்று கம்பெனிக்கு ஒன்று) பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்ப்பதற்கான தேர்வு வரும். அதில் நுழைந்தால் ஹார்ட்டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. அணைத்தால் செய்தது எல்லாம் போய்விடும், அதனால் சேமிப்பதை வேறொரு பென்டிரைவில் சேமியுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் யூடியூப் ஓடுகிறதா, டெஸ்க்டாப் படம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, அட நன்றாகத்தானே இருக்கிறது என்று இன்ஸ்டாலை அழுத்திவிடுகிறார்கள். உங்கள் பிழைப்பு யூடியூபில் இல்லை. போன வாரம் அடித்த கோயில் நோட்டீஸ் ஒன்றை எடுத்து, இரண்டு மொழியிலும் முதலிலிருந்து அடித்து, பக்கம் அமைத்து, காகிதத்தில் எடுத்துப் பாருங்கள். சிக்கல் எல்லாம் அந்த ஒரு நோட்டீஸுக்குள் வந்துவிடும்.

முதல் சிக்கல் பிரிண்டராக இருக்கலாம். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொருகியதுமே வேலை செய்யும். எப்சன் இங்க்டேங்க் வகைகளுக்கு அந்தக் கம்பெனியே லினக்ஸ் டிரைவர் தருகிறது. டிடிபி கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் கேனான் எல்பிபி 2900 மட்டும் கேப்ட் என்ற தனி மொழி பேசும் பிரிண்டர். டிரைவரைத் தேடிப் போட்டுக் கொஞ்சம் மல்லாட வேண்டும். உங்களுடையது அதுவாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.

தட்டச்சு நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் சிக்கல் இல்லை. பாமினியில் அடிக்கிறவர் என்றால் உங்கள் கை யளனக என்ற டைப்ரைட்டர் விசை வரிசை பழகிய கை. லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் தமிழுக்கு டைப்ரைட்டர், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் என்று வரிசையாகக் கிடைக்கும். நீங்கள் டைப்ரைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பது இன்ஸ்கிரிப்ட்டாக இருக்கும். எல்லையோரத்துக்கு அதைவிடத் தோதான விசைப்பலகை கிடையாது, ஏனென்றால் எல்லா இந்திய மொழிகளுக்கும் விசை இருக்கும் இடம் ஒன்றே. சி, என் என்று இரண்டு விசைகளைத் தட்டினால் மலையாளத்தில் 'மல' வரும். மொழியைத் தமிழுக்கு மாற்றி, அதே இரண்டோடு டபிள்யூவையும் சேர்த்துத் தட்டினால் 'மலை'. மலையாளப் பக்கத்தை அடித்துத் தர அவளைக் கூப்பிட்டால், தமிழ்ப் பக்கத்தையும் அவளே அடித்து முடித்துவிடுவாள். கூலி கேட்பாள், கொடுத்துவிடுங்கள்.

நிஜமான சிக்கல் பழைய ஃபைல்கள்தான். பாமினியில் 'அம்மா' என்று நீங்கள் அடித்திருப்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி ஒரு கே, ஒரு ஹெச். ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் முகமூடி. ஐஎஸ்எம்மின் கார்த்திகா, ரேவதி எழுத்துருக்களில் அடித்த மலையாளமும் அப்படித்தான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்று வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். தமிழை யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொது முறை) மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது. மலையாளத்துக்கு ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் பய்யன்ஸ் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்தை மட்டும் மீட்க இவை போதும்.

பக்க அமைப்பு வேறு கதை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001-இல். லிப்ரெஆபிஸ் டிராவில் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்க முடியும், ஆனால் கட்டங்களும் இடைவெளிகளும் நீங்கள் வைத்த இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆகவே மாறுவதற்கு முன்பே, விண்டோஸில் உட்கார்ந்து முக்கியமான ஒவ்வொரு வேலையையும் எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். மறு அச்சு கேட்டு வருகிறவருக்கு அது போதும். ஃபைலையே திறந்து திருத்த வேண்டியவற்றுக்காக அந்தப் பழைய விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனில் இருந்துவிட்டுப் போகட்டும்; புதுப்பிப்பு நின்ற பிறகு இன்டர்நெட் மட்டும் கொடுக்காதீர்கள். பேஜ்மேக்கருக்கு இன்டர்நெட் எதற்கு?

புது வேலைகளை ஸ்கிரைபஸ் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில், யூனிகோடில் தொடங்குங்கள். அதன் பழைய 1.4 வரிசையில் தமிழும் மலையாளமும் கொம்பும் காலும் கலைந்து வரும். பலர் அதைப் பார்த்துவிட்டுத்தான், ஸ்கிரைபஸ் தமிழுக்கு ஆகாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1.5 வரிசையில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்; 2024 ஜனவரியில் 1.6 வந்தது. நான்கு நிறப் பிடிஎஃப்பை ஒழுங்காகத் தரும், பிரஸ்காரர் முகம் சுளிக்க மாட்டார். எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. மலையாள மீரா எழுத்துருவைச் செய்தவர்கள் தமிழுக்கு மீரா இனிமை என்று ஒன்று தந்திருக்கிறார்கள். போஸ்டர் தலைப்புக்குக் கொழுத்த எழுத்து வேண்டுமென்றால் பலூ குடும்பம்: தமிழில் பலூ தம்பி, மலையாளத்தில் பலூ சேட்டன். உங்கள் ஊருக்கென்றே பெயர் வைத்த மாதிரி இருக்கிறது. எல்லாம் இலவசம், வியாபார வேலைக்கும் தடையில்லை.

ஹைக்கூவைப் பற்றி. பிரஸ் பையன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது லினக்ஸே அல்ல, தனி வம்சம். ஆப்பிளில் இருந்த ழான்-லூயி கசே 1990-இல் தொடங்கிய பீ என்ற கம்பெனியின் பீஓஎஸ்தான் அதன் மூலம். 2001-இல் அந்தக் கம்பெனியை பாம் வாங்கிக்கொள்ள, ரசிகர்கள் அதே வருடம் அதே மாதிரி ஒன்றைத் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) வர 2018 ஆனது. ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. பழைய மெஷினிலும் விசுக்கென்று எழுந்து நிற்கும். அதன் ஃபைல் அமைப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் நமக்குப் பிடித்த குறிப்புகளை ஒட்டிவைத்து, தரவுத்தளத்தில் தேடுவது போலத் தேடலாம். இத்தனை பெரிய கம்பெனிகள் இதை ஏன் இன்னும் செய்யவில்லை என்று எனக்கு ஆற்றாமையே உண்டு.

ஆனால் பீட்டா என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். பிரிண்டருக்கும் இந்திய மொழிகளுக்கும் அதில் வசதி குறைவு. அந்த வென்டாய் பென்டிரைவை விட்டுவிட்டு வேறொரு பென்டிரைவில் ஹைக்கூவைத் தனியாக எழுதி ஓட்டி, ஒரு ஃபைலுக்குக் 'கொழிஞ்சாம்பாறை' என்று பெயர் வைத்துப் பாருங்கள். முதல் எழுத்தில் கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே, அதில் நோட்டீஸ் அடிக்கலாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேலை இல்லாத நாளில் பையனையும் கூட்டிவைத்துக்கொண்டு விளையாடிப் பார்க்க அருமையான சாமான். பிழைப்புக்கு வேண்டாம்.

திரும்பி வர முடியுமா என்றீர்கள். விண்டோஸ் பக்கத்திலேயே இருப்பதால் அது ஒரு பிரச்சினையே இல்லை. மெஷினைப் போடும்போது எது வேண்டுமென்று கேட்கும். இரண்டையும் வைக்கும் முன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் ஒன்றும் வேறொரு வீட்டில் ஒன்றுமாகப் பேக்கப் எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாது. லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுதவும் விடாது. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடக்கூடும். பதறாதீர்கள், பேட்டரியும் போகவில்லை, வைரஸும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் நேரத்தை லினக்ஸ் கிரீன்விச் கணக்கிலும் விண்டோஸ் நம் ஊர்க் கணக்கிலும் வாசிக்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லி ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, மகளிடம் சொன்னால் தேடிப் போட்டுவிடுவாள்.

பிரிண்டர் மாடலை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதையும், ஐஎஸ்எம்மில் அதிகம் பயன்படுத்தும் எழுத்துருக்களின் பெயரையும் அனுப்புங்கள். எந்த டிரைவர், எந்த மாற்றி என்று குறிப்பாக எழுதுகிறேன்.