முள் சீத்தா இலையைக் காயவைத்து விற்கலாமா?

கேள்வி: பழத்துக்காக வைத்த முள் சீத்தா மரங்கள் பன்னிரண்டு இருக்கின்றன, ஆறு வயது. புற்றுநோய்க்கு நல்லது என்று சொல்லி இலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். போன தடவை காயவைத்த இலை இரண்டே வாரத்தில் சாக்குக்குள் பூசணம் பிடித்துவிட்டது. எப்படிப் பறித்துக் காயவைப்பது? இலை உண்மையில் மருந்தாகுமா? மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்திருக்கிறேன், பரவாயில்லையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் பார்த்துவிடலாம். மருந்து அடித்த மரத்து இலையை இந்தப் பருவத்தில் தொட வேண்டாம். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள், அதாவது அடித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய இடைவெளி, காய்க்கான கணக்கு. இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள் என்று எண்ணிப் போட்டதல்ல. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் சாற்றோடு ஏறி இலைக்குள்ளேயே தங்கும், கழுவினால் போகாது. மூன்று நான்கு மரங்களை இலைக்கென்று குறித்துவிட்டு, அவற்றில் இனி ரசாயனமே வேண்டாம். மாவுப்பூச்சியைப் பரப்புவது எறும்பு. தண்டைச் சுற்றி ஒட்டும் பட்டை கட்டி அதை ஏறவிடாமல் தடுத்து, பூச்சி அப்பிய இடத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதித் தொல்லை தீரும்.

பறிப்பதற்கு முற்றிய, கரும்பச்சையான, பளபளப்புள்ள இலைதான் சரி. நுனித் துளிரை விட்டுவிட்டு நான்காவது இலையிலிருந்து எடுங்கள். பழுத்தது, புள்ளி விழுந்தது, கரும்பூசணம் படிந்தது எல்லாம் கழிவு. பனி உலர்ந்த பிறகு காலையில் பறியுங்கள். ஒரு கிளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். காய் நிற்கும் கிளையை விட்டுவிடுங்கள். அந்தக் காய்க்குச் சத்து சமைப்பது பக்கத்து இலைதான். மொட்டையடித்தால் பிஞ்சு கருகி உதிரும்.

பூசணம் பிடித்ததற்குக் காரணம் அனேகமாக நடு நரம்பு. இந்த இலை தோல் போலத் தடித்தது. இரண்டு மூன்று நாளில் தகடு மொறுமொறுவென்று ஆகிவிடும், நரம்பு மட்டும் ஈரத்தோடு வளைந்துகொண்டிருக்கும். சாக்கில் அடைத்ததும் அந்த ஈரம் வெளியேறி மொத்த இலையையும் பதமாக்கிவிடும். கழுவி, நீர் வடித்து, காற்றோட்டமான நிழலில் வலைத்தட்டின் மேல் ஓரடுக்காகப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அடியில் இருப்பது வெந்ததுபோல் கறுக்கும். வெயில் வேண்டாம், நிறமும் மணமும் போய்விடும். காற்று ஈரத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு நாள் ஆகலாம். நரம்பை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் திரும்பவும் பரப்ப வேண்டியதுதான். நன்றாகக் காய்ந்ததைச் சாக்கில் போடாமல் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒரு கிலோ காய்ந்த இலைக்குப் பச்சை இலை மூன்று கிலோவுக்கு மேலேயே தேவைப்படும்.

இனி மருந்து விஷயம். தூக்கம் வரவும், படபடப்பு அடங்கவும், ரத்த அழுத்தம் குறையவும் இலைக் கஷாயம் குடிப்பது கரீபியன் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பழைய பழக்கம். பேனுக்கும் தோல் புண்ணுக்கும் அரைத்துப் பூசுவதும் உண்டு. புற்றுநோய் கதை வேறு. இலையிலுள்ள அசிட்டோஜெனின்கள் என்ற வேதிப்பொருள்கள் சோதனைக்கூடக் குடுவையில் புற்றணுக்களைக் கொல்வது உண்மை. மனிதருக்கு நோயைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. அதே கூட்டத்தைச் சேர்ந்த அன்னோனாசின் நரம்பணுக்களையும் தாக்கும். கரீபியனிலுள்ள குவாதலூப் தீவில் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத, பார்க்கின்சன் போன்ற நடுக்கவாத நோய் மிகுந்திருப்பதற்கும், முள் சீத்தா பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மக்கள் நெடுங்காலம் எடுத்துக்கொள்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் தினமும் குடிக்கச் சொல்ல அதற்குப் பிறகு துணிவு வராது.

வழக்கத்திலுள்ள அளவு, மூன்று நான்கு காய்ந்த இலையை 250 மில்லி தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஒரு தம்ளர், எப்போதாவது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், நடுக்கவாதம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு மீறி இறங்கிவிடலாம், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

விற்பதானால் பொட்டலத்தில் 'முள் சீத்தா இலை, உலர்த்தியது', பறித்த தேதி, மேலே சொன்ன எச்சரிக்கை ஆகியவற்றைப் போடுங்கள். நோயின் பெயர் எதுவும் வேண்டாம். சிகிச்சையை நிறுத்திவிட்டு இதை நம்பி வருகிறவரிடம், இது அதற்கு மருந்தல்ல என்று நேராகவே சொல்லிவிடுங்கள். பழத்தை வெட்டி எடுத்த விதையை இலை காயும் இடத்தில் போட்டுவைக்காதீர்கள். அது விஷம், பூச்சியைக் கொல்லும். அரைத்த தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.