லெனின்கிராடைத் திருத்த வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ரஷ்யப் புரட்சியையும் அதற்குப் பின்வந்த ஆண்டுகளையும் பற்றிய நினைவுக்குறிப்புகள் சிலவற்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். ஊர்ப் பெயர்களில்தான் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். ஒரே நகரம் ஓரிடத்தில் பீட்டர்ஸ்பர்க், இன்னோரிடத்தில் பெட்ரோகிராட், வேறோரிடத்தில் லெனின்கிராட் என்று வருகிறது. வாசகர் குழம்பக்கூடாதே என்று ஃபைண்ட்-ரீப்ளேஸ் கொடுத்து எல்லாவற்றையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாற்றினேன். பிறகு பார்த்தால், இன்றைய ரஷ்ய வரைபடத்திலேயே ‘லெனின்கிராட் மாகாணம்’ இருக்கிறது! வரைபடம் தவறா, நான் தவறா? கோர்க்கி என்பது ஊரா, எழுத்தாளரா? லெனின் பெயர் இன்னும் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறது? லீனா நதியும் அவர் பெயரால் வந்ததுதானா? கொஞ்சம் விளக்கினால் உதவியாக இருக்கும்.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வரைபடம் சரிதான். மாற்றியதுதான் தவறு.

உங்கள் நூலின் நாயகனையே எடுத்துக்கொள்ளுங்கள். லெனின் ஒரு நாள்கூட லெனின்கிராடில் வாழ்ந்ததில்லை. அவருக்குத் தெரிந்த நகரம் பீட்டர்ஸ்பர்க். 1914 முதல் பெட்ரோகிராட். அவர் இறந்தது 1924 ஜனவரி 21. நகரத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது ஐந்து நாள் கழித்து, ஜனவரி 26 அன்று. பிறந்த ஊரும் அப்படித்தான். 1870-ல் அவர் பிறந்தது சிம்பிர்ஸ்கில். அது அவருடைய குடும்பப் பெயரால் உல்யானவ்ஸ்க் ஆனது 1924 மே மாதத்தில். ‘உல்யானவ்ஸ்கில் பிறந்தார்’ என்று எழுதுகிற வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். ‘இன்றைய உல்யானவ்ஸ்க் ஆகிய சிம்பிர்ஸ்கில் பிறந்தார்’ என்று எழுதினால் பிழை இல்லை.

ஆகவே முதல் விதி: நிகழ்ச்சி நடந்த நாளில் ஊருக்கு என்ன பெயரோ அதையே எழுதுங்கள். 1905 ஜனவரியில் தொழிலாளர் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது பீட்டர்ஸ்பர்க்கில். 1917 ஏப்ரலில் லெனின் பின்லாந்து ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது பெட்ரோகிராடில். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை 872 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்தது லெனின்கிராட். அந்த முற்றுகையை ‘செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முற்றுகை’ என்று எழுதினால், அங்கே செத்தவர்களின் ஊரையே அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வதாகும். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் தரமாட்டேன்.

தேதி பார்க்கும்போது ஒரு கண்ணி உண்டு. 1918 பிப்ரவரி வரை ரஷ்யாவில் பழைய நாள்காட்டி. இருபதாம் நூற்றாண்டில் அது நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியிருந்தது. நகரம் பெட்ரோகிராட் ஆனது பழைய கணக்கில் 1914 ஆகஸ்ட் 18, புதிய கணக்கில் ஆகஸ்ட் 31. அந்த இரண்டு வாரத்துக்குள் நடந்த ஒன்றை எழுதுகிறீர்கள் என்றால், மூலம் எந்த நாள்காட்டியைப் பின்பற்றுகிறது என்று பார்த்த பிறகே பெயரைத் தேர்ந்தெடுக்க முடியும்.

அந்த மாற்றத்தின் காரணமும் தெரிந்திருப்பது நல்லது. ஜெர்மனியோடு போர் மூண்டதும் ‘பூர்க்’ என்ற முடிவு ஜெர்மன் வாடை அடிப்பதாகப் பட்டது. அதன் இடத்தில் நகரம் என்று பொருள்படும் ‘கிராட்’ என்ற ஸ்லாவியச் சொல் வந்தது. லெனின் கட்சியினரான போல்ஷ்விக்குகளின் நகரக் கமிட்டியோ இந்தப் போர்வெறிப் பெயர் மாற்றத்தை ஏற்காமல் ‘பீட்டர்ஸ்பர்க் கமிட்டி’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. உங்கள் மூலத்தில் 1917-ஐப் பற்றிய பக்கத்திலும் ‘பீட்டர்ஸ்பர்க் கமிட்டி’ என்று வரும். அது ஆசிரியரின் கவனக்குறைவு அல்ல. அந்தப் பெயரிலேயே ஓர் அரசியல் நிலைப்பாடு இருக்கிறது, கைவைக்காதீர்கள்.

இனி அந்த மாகாணம். நகரம் வேறு, மாகாணம் வேறு. இரண்டும் தனித்தனி நிர்வாகங்கள். 1991 ஜூன் 12 அன்று பெயர் குறித்து வாக்களித்தவர்கள் நகரவாசிகள். ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் பழைய பெயரைக் கேட்டார்கள். செப்டம்பர் 6 அன்று அது சட்டமானது. பெரிய பெரும்பான்மை அல்ல என்பதைக் கவனியுங்கள். முற்றுகையைக் கண்டவர்கள் பலருக்கு லெனின்கிராட் என்பது லெனினைவிடத் தங்கள் பட்டினியையும் தாங்குதலையும் குறிக்கிற சொல்லாக ஆகிவிட்டிருந்தது. நகரத்தைச் சூழ்ந்த மாகாணம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எக்காத்தரின்பர்கிலும் இதே கதை: நகரம் 1991-ல் பழைய பெயருக்குத் திரும்பியது, மாகாணம் இன்றும் ஸ்வெர்த்லோவ்ஸ்க் மாகாணம்தான். அந்நகரின் தலைமை ரயில் நிலையம் 2010 வரை ‘ஸ்வெர்த்லோவ்ஸ்க்’ என்ற பெயரிலேயே இருந்தது. 2005-ல் எழுதப்பட்ட ஒரு பயணக் குறிப்பில் ‘ஸ்வெர்த்லோவ்ஸ்கில் ரயில் நின்றது’ என்று வந்தால் அது பிழையாகாது.

நகரம், மாகாணம், ரயில் நிலையம், தெரு, நூலகம், விமான நிலையக் குறியீடு என்று ஒவ்வொன்றின் பெயரும் ஒவ்வோர் அதிகாரத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் மாறுகிறது, அல்லது மாறாமலே நிற்கிறது. மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகிற ரயிலில் இன்றும் லெனின்கிராட் நிலையத்தில்தான் ஏற வேண்டும். மாஸ்கோவின் லெனின் நூலகம் 1992-ல் ‘ரஷ்ய அரசு நூலகம்’ ஆகிவிட்டது. அதன் வாசலில் உள்ள மெட்ரோ நிலையம் இன்றும் ‘லெனின் நூலகம்’. லெனின் குன்றுகள் மீண்டும் குருவிக் குன்றுகள் ஆயின. அங்கிருந்த மெட்ரோ நிலையமும் 1999-ல் பெயர் மாறியது. மேலே நிற்கிற மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முகவரியோ ‘லெனின் குன்றுகள், 1’. பீட்டர்ஸ்பர்க் விமான நிலையத்தின் குறியீடு எல்.ஈ.டி.; பயணச்சீட்டில் லெனின்கிராட் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

நகரம் ஒரு பெயரிலும் மாகாணம் இன்னொரு பெயரிலும் நிற்பதற்கான காரணம் உக்ரைனில் இன்னும் தெளிவு. 2015-ல் வந்த சட்டத்தின்படி 51,000-க்கும் மேற்பட்ட தெருக்களும் 987 ஊர்களும் கம்யூனிஸ்ட் காலப் பெயர்களை இழந்தன. சோவியத் உக்ரைன் தலைவர் பெத்ரோவ்ஸ்கியின் பெயர் தாங்கிய த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் 2016-ல் த்னிப்ரோ ஆனது. மாகாணம் மட்டும் த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் என்றே நின்றது, ஏனென்றால் மாகாணங்களின் பெயர்கள் அரசியலமைப்பின் 133ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கின்றன. நகரத்தின் பெயரை நாடாளுமன்றத் தீர்மானத்தால் மாற்றலாம். மாகாணத்தின் பெயரை மாற்ற அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

உக்ரைனிலேயே இன்னோர் ஊர் இருக்கிறது. அதை நிதானமாகப் பாருங்கள், பெயர் மாற்றம் எப்படி நடந்தது என்பது புரியும். யெலிசவெத்கிராட் என்ற அந்த ஊரில் பிறந்தவர் போல்ஷ்விக் தலைவர்களில் ஒருவரான ஸினோவியெவ். 1924-ல், அவர் உயிரோடும் செல்வாக்கோடும் இருந்தபோதே, ஊர் ஸினோவியெவ்ஸ்க் ஆனது. 1934 டிசம்பர் 1 அன்று லெனின்கிராடில் அந்நகரக் கட்சித் தலைவர் கீரவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி ஸினோவியெவ்மீது விழுந்தது. அந்த மாதத்திலேயே கைது. மாதம் முடிவதற்குள் அவர் பிறந்த ஊரின் பெயர் ‘கீரவோ’ என்று ஆனது. கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஊருக்குக் கொல்லப்பட்டவரின் பெயர்! 1939-ல் அது கீரவோஹ்ராட். 2016-ல் க்ரோப்பிவ்னித்ஸ்கி, நாடகக் கலைஞர் ஒருவரின் பெயர். உங்கள் மூலத்தில் ‘ஸினோவியெவ்ஸ்க்’ என்று ஒரு கடிதத்தின் தலைப்பில் இருந்தால், தேதி இல்லாவிட்டாலும் அது 1924-க்கும் 1934-க்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிடலாம். அதை ‘க்ரோப்பிவ்னித்ஸ்கி’ என்று திருத்தினால் அந்தத் தடயம் அழிந்துபோகும்.

பழைய பெயருக்குத் திரும்புவது 1991-ல் தொடங்கியது என்று எண்ண வேண்டாம். முற்றுகை இன்னும் விலகாத 1944 ஜனவரி 13 அன்றே லெனின்கிராடில் ‘அக்டோபர் 25 வீதி’ மறுபடி நேவ்ஸ்கி வீதி ஆனது. ஊரீத்ஸ்கி சதுக்கம் அரண்மனைச் சதுக்கம் ஆனது. அதே மாதத்தில் பக்கத்து ஊரான காத்சினா தன் பெயரைத் திரும்பப் பெற்றது. அது 1923 முதல் 1929 வரை ட்ரோட்ஸ்கியின் பெயரால் த்ரோத்ஸ்க், பிறகு கிராஸ்னக்வர்தேய்ஸ்க். உக்ரைனின் லுகான்ஸ்க் நகரமோ இரண்டு முறை வரோஷிலவ்கிராட் ஆகி இரண்டு முறை திரும்பிய ஊர்: 1935-ல் மாறி 1958-ல் மீண்டது, 1970-ல் மறுபடி மாறி 1990-ல் மறுபடி மீண்டது. ‘பழைய பெயர், புதிய பெயர்’ என்று இரண்டே கட்டம் போட்ட பட்டியல் இங்கே உடைந்துவிடும்.

எனவே பட்டியலை இப்படிப் போடுங்கள். முதல் கட்டத்தில் மூலத்தில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே. அடுத்து நிகழ்ச்சி நடந்த தேதி. புத்தகம் அச்சான தேதி இங்கே உதவாது. அடுத்து அது நகரமா, மாகாணமா, நிலையமா, நிறுவனமா என்பது. கடைசியில் இன்றைய பெயர். முதல்முறை வரும்போது மட்டும் அடிக்குறிப்பில் இன்றைய பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள். நினைவுக்குறிப்பு என்பதால் இன்னொரு சிக்கலும் வரும்: 1930-ல் உட்கார்ந்து 1905-ஐ நினைவுகூர்பவர் ‘அப்போது லெனின்கிராடில்’ என்று எழுதியிருப்பார். அது அவருடைய குரல். அப்படியே விட்டு, ‘அப்போது பீட்டர்ஸ்பர்க்’ என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

கோர்க்கியைக் கேட்டிருந்தீர்கள். மூன்று பெயர்கள் இங்கே மோதுகின்றன. எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி. அது கசப்பு என்று பொருள்படும் புனைபெயர். அவர் பிறந்த நீஷ்னி நோவ்கரோட் 1932 முதல் 1990 வரை அவர் பெயரால் கார்க்கி நகரம். லெனின் இறந்த இடம் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள கோர்க்கி. இது ‘சிறு மேடுகள்’ என்று பொருள்படும் சாதாரண ஊர்ப் பெயர், எழுத்தாளரோடு எந்தத் தொடர்பும் இல்லை. இன்று அதன் பெயர் கோர்க்கி லெனின்ஸ்கியே. ஆங்கில எழுத்தில் ஒய் இருந்தால் எழுத்தாளர், ஐ இருந்தால் மேடு என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். தமிழில் ஒன்றைக் ‘கார்க்கி’ என்றும் மற்றதைக் ‘கோர்க்கி’ என்றும் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

‘ஆர்டர் ஆஃப் லெனின்’ என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஒரு தொழிற்சாலைப் பெயரில் அது இருந்தால் அந்த ஆலை லெனின் விருது பெற்றது என்றே பொருள். லெனின் பெயரால் அமைந்தது என்றாகாது. பெயர் தாங்கியவற்றுக்கு ரஷ்யனில் ‘இமெனி லெனினா’ என்று வரும். மாஸ்கோ மெட்ரோவுக்கு இரண்டும் உண்டு. 1935-ல் திறந்தபோது அது சோவியத் தலைவர் ககனோவிச் பெயரில் இருந்தது; 1955-ல்தான் லெனின் பெயர் வந்தது.

முன்னாள் சோவியத் குடியரசுகளில் பிற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்மீனியாவின் லெனினாகான் 1837 முதல் அலெக்சாந்திரபோல், 1924 முதல் லெனினாகான், இன்று கியூம்ரி. 1988 டிசம்பர் நிலநடுக்கச் செய்திகளில் லெனினாகான் என்றே வரும். தஜிகிஸ்தானின் லெனினாபாத் நகரம் 1991-ல் ஹுஜந்த் ஆனது, மாகாணம் 2000-ல் சுக்த் ஆனது. கசகஸ்தானின் விண்வெளித் தளத்து நகரம் லெனின்ஸ்க் 1995-ல் பைக்கானூர். ‘இலியிச்’ என்ற லெனினின் தந்தைவழிப் பெயரால் வந்த, உக்ரைனின் இலியிச்செவ்ஸ்க் துறைமுகம் 2016-ல் சொர்னமோர்ஸ்க். பாமீரில் 7,134 மீட்டர் உயர லெனின் சிகரம் தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. 1928-க்கு முன் அதற்கு ஜார் ஆட்சியின் துருக்கிஸ்தான் ஆளுநர் காவுஃப்மனின் பெயர். தஜிகிஸ்தான் 2006-ல் இப்னு சீனா பெயரைச் சூட்டியது. கிர்கிஸ்தான் பக்கம் லெனின் பெயரே தொடர்ந்தது. மலையேறியவர் எந்தப் பக்கமிருந்து ஏறினார் என்று பாருங்கள்.

லீனா நதி லெனினால் வந்த பெயர் அல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்யர் வாயில் வழங்கியது. ‘லெனின்’ என்ற புனைபெயர்தான் நதியிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். 1912-ல் லீனா தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் சுடப்பட்டதால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் ‘லெனின்’ என்று கையெழுத்திடத் தொடங்கியது 1901-ல். காஸ்பியன் கரையில் உள்ள லென்கரானும் பழைய பெயர்தான். அதை லெனின் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இனி உங்கள் கோப்பு. மாற்றுவதற்கு முந்தைய பிரதி இருந்தால் அதிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். மாற்றிய பிரதியை வைத்துப் பின்னோக்கிப் போக முடியாது. மூன்று பெயர்களும் ஒன்றாகிவிட்டன. தேடும்போது ‘லெனின்கிராட்’ என்று தேடாதீர்கள். புள்ளி வைத்த ட் மட்டுமே அகப்படும்; லெனின்கிராடில், லெனின்கிராடை, லெனின்கிராடு எல்லாம் தப்பிவிடும். நீங்கள் மாற்றிய கோப்பிலும் அவை பாதி மாறியும் பாதி மாறாமலும் கிடக்கும், பாருங்கள். ‘லெனின்கிரா’, ‘பெட்ரோகிரா’, ‘பீட்டர்ஸ்ப’ என்று வேரளவில் தேடி, ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்தாமல் ஒவ்வொன்றாக நின்று தேதியைப் பார்த்து முடிவெடுங்கள். பழைய பிரதி இல்லையென்றால், ஆங்கில மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பட்டியல் தயாரானதும் அனுப்பிவையுங்கள், பார்த்துத் தருகிறேன்.