பலூனில் பறக்கும் விளக்கும் தொலைநோக்கியின் அளவுத்திருத்தமும்: கேள்வி பதில்

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஆல்பர்ட் தலைமையில் ஒரு குழு உருவாக்கிய ‘ஆல்டேர்’ திட்டத்தைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். அளவு தெரிந்த ஒளிமூலம் ஒன்றைப் பலூனில் கட்டி அடுக்கு மண்டலத்துக்கு அனுப்பி, தரையிலுள்ள தொலைநோக்கியால் அதைப் படமெடுத்து, அந்தத் தொலைநோக்கியை அளவுத்திருத்தம் செய்வதே, அதாவது அது காட்டும் ஒளியளவை உண்மையான அளவோடு பொருத்துவதே, அத்திட்டத்தின் நோக்கம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வானில் இத்தனை விண்மீன்கள் இருக்க, பலூனில் விளக்கேற்ற வேண்டிய தேவை என்ன?

விண்மீன்களை வைத்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றைவிட எத்தனை மடங்கு பொலிவானது என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த ஒப்பீடுகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் முதல் விண்மீன், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் ஒளியை அனுப்புகிறது என்பது வேறு கேள்வி. கடையிலுள்ள படிக்கற்கள் எல்லாம் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போகலாம். மூலப் படிக்கல்லே எடை குறைந்ததாக இருந்தால் அந்த ஒற்றுமையால் பயனில்லை.

நெடுங்காலம் அந்த மூலப் படிக்கல்லாக இருந்தது வேகா விண்மீன். 1970இல் வானியலாளர்கள் ஓக், ஷைல்டு ஆகியோரும், 1975இல் ஹேய்ஸ், லேதம் ஆகியோரும் வேகாவின் ஒளியைத் தரையில் வைத்த ஒளிமூலங்களோடு ஒப்பிட்டு அளவிட்ட முடிவுகளை வெளியிட்டனர். தாமிரம் உறையும் வெப்பநிலையான ஏறத்தாழ 1085 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்ட கரும்பொருள் உலை (வெப்பநிலையைக் கொண்டே அதன் ஒளியைக் கணக்கிட்டுவிடக்கூடிய உலை), அவற்றுள் ஒன்று. உலையின் ஒளி தரையை ஒட்டிக் கிடையாக வருகிறது. வேகாவின் ஒளியோ வளிமண்டலம் முழுவதையும் மேலிருந்து கீழாகக் கடந்து வருகிறது. இரண்டு பாதைகளிலும் காற்று விழுங்கிய ஒளியைத் தனித்தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. ஹேய்ஸ், லேதம் கட்டுரையின் பெரும்பகுதி இந்த வளிமண்டல இழப்பை மறு ஆய்வு செய்வதிலேயே கழிந்தது என்பது தற்செயலன்று. விளக்கை வளிமண்டலத்தின் பெரும்பகுதிக்கு மேலே கொண்டுபோய்விட்டால், அதன் ஒளியும் விண்மீனின் ஒளியும் ஏறத்தாழ ஒரே காற்றைக் கடந்து வரும். பலூனின் பயன் இதுதான்.

வேகாவும் நல்ல தேர்வாக அமையவில்லை. அதைச் சுற்றித் தூசு வட்டு இருப்பதை 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் காட்டிவிட்டது. அது மிக வேகமாகச் சுழல்வதும், நாம் அதன் துருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பின்னர் தெரியவந்தன. இப்போது ஹபிள் தொலைநோக்கிக்கு அடிப்படையாக இருப்பவை மூன்று வெண்குறு விண்மீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்). அவற்றின் நிறமாலையின் வடிவம், அதாவது ஒவ்வோர் அலைநீளத்திலும் அவை தரும் ஒளியின் அளவு, கணினி மாதிரிகளிலிருந்து பெறப்படுகிறது. மாதிரிகள் நன்றாகவே உள்ளன என்பது என் கருத்து. ஆனாலும் அவை மாதிரிகளே. ஆய்வுக்கூட அளவையோடு நேரடியாக ஒப்பிட்டுப் பெறப்பட்டவை அல்ல.

ஒரு சதவீதப் பிழை இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

பெரும்பாலான ஆய்வுகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பேரண்டத்தின் விரிவை முடுக்குவதாகக் கருதப்படும் கரும் ஆற்றலை அளப்பவர்களுக்கு அது பெரிய பிழை. 1998இல் பேரண்டத்தின் விரிவு முடுக்கமடைகிறது என்று இரண்டு குழுக்கள் அறிவித்ததும், அதற்காக 2011இல் பெர்ல்முட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்களின் (தொலைவை அளக்க உதவும் விண்மீன் வெடிப்புகளின்) பொலிவை அளந்ததன் பயனே. அருகிலுள்ள சூப்பர்நோவாவில் 440 நானோமீட்டரில் நாம் காணும் நீல ஒளி, செந்நகர்வு (பேரண்டம் விரிவதால் அலைநீளம் கூடும் அளவு) 0.5 உள்ள தொலைவிலிருந்து வரும்போது 660 நானோமீட்டரில் சிவப்பாக வந்து சேர்கிறது. ஆகவே அருகில் உள்ளதை நீல வடிகட்டியாலும் தொலைவில் உள்ளதைச் சிவப்பு வடிகட்டியாலும் அளந்து ஒப்பிடுகிறோம். தொலைநோக்கி நீலத்தை ஒரு சதவீதம் கூட்டியும் சிவப்பை ஒரு சதவீதம் குறைத்தும் காட்டினால், அந்த வேறுபாடு அப்படியே தொலைவுக் கணக்கில் ஏறிவிடும். இதனால், விளக்கின் மொத்த ஒளியைவிட அதன் நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையேயான விகிதமே இத்துறையினருக்கு முதன்மையானது.

தொலைநோக்கியின் குவிமாடத்துக்குள் ஒரு வெண்திரையை வைத்து ஒளியூட்டி இதைச் செய்ய முடியாதா?

செய்கிறார்கள். அலைநீளத்தை மாற்றத்தக்க லேசரால் திரையை ஒளியூட்டி, கண்ணாடி, வடிகட்டி, உணரி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளியைப் பதிவு செய்கின்றன என்று அளக்கலாம். ஆனால் திரையின் ஒளி வளிமண்டலத்தைக் கடப்பதில்லை. மேலும், அது பல திசைகளிலிருந்து குழாய்க்குள் நுழைவதால், விண்மீன் ஒளி ஒருபோதும் தொடாத பரப்புகளில் பட்டுச் சிதறி உணரியை அடைகிறது. பலூன் விளக்கின் ஒளிமூலமாக உள்ள லேசர்கள் சில அலைநீளங்களை மட்டுமே தரும். இடைப்பட்டவற்றைத் திரை நிரப்பும். ஆகவே இரண்டும் தேவை.

நான் மின்னணுப் பொறியாளன். லேசர் டையோடின் ஒளியும் அலைநீளமும் வெப்பநிலைக்கேற்ப மாறும். மைனஸ் 60 டிகிரிக் குளிரில் ஒளி மாறாத விளக்கை எப்படிச் செய்கிறார்கள்?

ஒளி மாறாத விளக்கைச் செய்ய வேண்டியதே இல்லை. இத்திட்டத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒளியளவியலில் நம்பகமான அளவுகோல் விளக்கன்று, உணரி. அமெரிக்காவின் தேசியத் தர அளவை நிறுவனமான நிஸ்ட், ஒளியின் திறனைக் கடுங்குளிர்க் கதிர்வீச்சுமானி என்னும் கருவியால் அளக்கிறது. ஒரு கரிய குழிக்குள் ஒளியைச் செலுத்தி அது எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு ஒளியை நிறுத்திவிட்டு, அதே சூட்டைத் தர எவ்வளவு மின்திறன் தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். மின்திறனை மிகத் துல்லியமாக அளக்க முடியும் என்பதால் ஒளியின் வாட் கணக்கு மின்சாரத்தின் வாட் கணக்கோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. அங்கிருந்து அந்த அளவை ஒளியை மின்னோட்டமாக மாற்றும் சிலிக்கான் போட்டோடையோடுகளுக்கு மாற்றப்படுகிறது. வானியலும் விளக்கை விட்டுவிட்டு இந்த உணரியையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று வானியலாளர்கள் ஸ்டப்ஸ், டான்ரி ஆகியோர் 2006இல் வாதிட்டனர். ஆல்டேர் அந்த வழியில் வந்ததே.

பலூனின் சுமையில், உட்புறம் வெண்மையாகப் பூசப்பட்ட ஓர் ஒருங்கிணைப்புக் கோளம் இருக்கும். லேசர்களின் ஒளி அதற்குள் பலமுறை சிதறி, கீழ்ப்புறத் துளை வழியாகச் சீராக வெளியேறும். அளவுத்திருத்தம் செய்யப்பட்ட போட்டோடையோடு ஒன்று அந்த ஒளியை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். விளக்கு மங்கினால் மங்கட்டும். எவ்வளவு மங்கியது என்பது பதிவாகிவிட்டால் போதும். நீங்கள் சுட்டிய குளிர் இப்போது போட்டோடையோடின் சிக்கலாகிறது. அதன் ஏற்புத்திறனும் வெப்பநிலையால் சிறிது மாறும் என்பதால் அதன் வெப்பநிலையையும் அளக்க வேண்டும், அல்லது சூடேற்றி நிலைநிறுத்த வேண்டும். அலைநீள நகர்வும் புறக்கணிக்கத்தக்கதன்று; ஆகவே அலைநீளத்தை அளக்கும் சிறிய நிறமாலைமானி ஒன்றும் உடன் செல்வது நல்லது.

கயிற்றில் தொங்கும் சுமை ஆடுமே, சுழலுமே?

ஆடும். நல்ல கோளத்தின் துளையிலிருந்து வரும் ஒளி, கோணத்தின் கொசைனுக்கு ஏற்பக் குறைகிறது. தொலைநோக்கிக்கு நேர் மேலே பலூன் நின்றால், சுமை 5 டிகிரி சாய்ந்தாலும் பிழை 0.4 சதவீதந்தான். பலூன் பக்கவாட்டில் விலகி, துளையின் அச்சுக்கு 30 டிகிரி கோணத்தில் தொலைநோக்கி இருக்கும்போது அதே 5 டிகிரிச் சாய்வு, ஒளியை ஏறத்தாழ 5 சதவீதம் மாற்றிவிடும். திட்டத்தின் துல்லியம் பெரும்பாலும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. முடுக்கமானிகளும் காந்தமானிகளும் சுமையின் திசையை நொடிதோறும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நேரமும் படமெடுத்த நேரமும் பிசகின்றிப் பொருந்த வேண்டும்.

20 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது தெரிய எத்தனை பெரிய விளக்கு வேண்டும்?

மிகச் சிறியது. கோளத் துளையிலிருந்து வெளிவரும் 1 மில்லிவாட் பச்சை ஒளி, 20 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9ஆம் பொலிவெண் (எண் கூடக் கூடப் பொலிவு குறையும்) விண்மீனைப் போலத் தெரியும் என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கிக்கோ தாராளம். தொலைவு இருமடங்கானால் ஒளி கால்பங்காகும் என்பதால் தொலைவும் தெரிந்திருக்க வேண்டும். ஜி.பி.எஸ். 10 மீட்டர் பிசகினாலும் ஒளிக்கணக்கில் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

விமான ஓட்டிகளின் கண்ணுக்கு ஆபத்தில்லையா?

இல்லை. இது கற்றையாக வரும் ஒளியன்று. எல்லாப் பக்கமும் பரவிய மில்லிவாட் அளவிலான ஒளி. விமானப் பாதைக்குப் பலூனே பெரிய கவலை. அதற்கு முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

தொலைநோக்கிகள் முடிவிலியில் குவியம் கொண்டவை. 20 கிலோமீட்டரில் உள்ள விளக்கு தெளிவாக விழுமா?

விழாது. 1 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியில் அது சுமார் 10 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு; 60 வில்நொடி ஒரு வில்நிமிடம்) அகலமுள்ள வளையமாகவும், சிலியிலுள்ள ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர்க் கண்ணாடியில் ஒன்றரை வில்நிமிட அகலமுள்ள வளையமாகவும் விரியும். வளையத்துக்குள் விழுந்த ஒளி முழுவதையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரிய வளையத்துக்குள் வான்வெளியின் பின்னணி ஒளியும் மிகுதியாகச் சேரும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகரும் பலூன், வானில் நொடிக்கு ஏறத்தாழ 100 வில்நொடி நகர்வதால், தொலைநோக்கி அதைத் துரத்த வேண்டும் அல்லது மிகக் குறுகிய நேரமே ஒளிபட விட வேண்டும். பெருங்கண்ணாடிகளைவிடச் சிறிய தொலைநோக்கிகளே இதற்கு ஏற்றவை என்பேன்.

பலூனுக்கு மேலேயும் காற்று இருக்கிறதே?

20 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்தின் நிறையில் ஏறத்தாழ 5 சதவீதமே மேலே மிஞ்சும். அந்தக் காற்று சிதறடிக்கும் ஒளியை அழுத்தமானியின் அளவைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். நீராவியும் தரைத்தூசியும் பெரும்பாலும் கீழேயே நின்றுவிடும். பலரும் கவனிக்கத் தவறுவது ஓசோனை. அது அடர்ந்திருப்பது 20 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பலூனுக்குச் சமமாகவும் மேலாகவும். 600 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் சில சதவீதத்தை ஓசோன் விழுங்குகிறது. விண்மீன் ஒளி இந்த இழப்பை முழுதாக ஏற்கிறது, விளக்கின் ஒளியோ ஒரு பகுதியை மட்டுமே ஏற்கிறது. செயற்கைக்கோள்கள் நாள்தோறும் அளக்கும் ஓசோன் அளவைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் விளக்கைச் செயற்கைக்கோளிலேயே வைத்துவிடலாமே?

அந்தத் திசையில்தான் போகிறார்கள். விக்டோரியா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஓர்காசாட் என்னும் சிறு செயற்கைக்கோள் 2022 நவம்பரில் ஏவப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் தலைமையேற்கும் ‘லாண்டோல்ட்’ திட்டத்தை நாசா 2024இல் தேர்ந்தெடுத்தது. பல லேசர்களைக் கொண்ட அச்செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றும். அந்தத் தொலைவில் குவியச் சிக்கல் பெரிதும் குறைந்துவிடும். காற்றும் ஓசோனும் முழுமையாகக் கீழே இருக்கும். பலூனுக்கு இன்னும் ஒரு மேன்மை உண்டு: பாராசூட்டில் இறங்கிய சுமையைக் கண்டெடுத்து, போட்டோடையோடு பறப்பின்போது மாறியிருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் மீண்டும் சோதிக்கலாம். விண்ணில் வயதாகும் உணரிக்கு அந்த வாய்ப்பில்லை.

இனி ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஆய்வகமும் பலூன் விட வேண்டுமா?

வேண்டியதில்லை. விளக்கைப் படமெடுத்த இரவிலேயே அதே தொலைநோக்கியால் சில விண்மீன்களையும் படமெடுத்து, அவற்றின் பொலிவை வாட் கணக்கில் நிர்ணயித்துவிட்டால், அதன்பின் உலகின் எந்தத் தொலைநோக்கியும் அந்த விண்மீன்களையே அளவுகோலாகக் கொள்ளலாம். வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு இரவுகளில் சில பறப்புகள் நடத்தி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். வெண்குறு விண்மீன் மாதிரிகள் தரும் விடையோடு அது ஒத்துப்போகுமா என்பதை அறியவே நான் அதிகம் காத்திருக்கிறேன்.